பிறப்பு குறைந்தால் வறுமை குறையுமா? குமரி மாவட்டத்திலிருந்து ஒரு கணக்கு

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை பேருந்தில் போகிறவருக்கு ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பது எளிதில் பிடிபடாது. வீடு, தென்னந்தோப்பு, வாழை, ரப்பர், மீண்டும் வீடு என்று தக்கலையையும் மார்த்தாண்டத்தையும் தாண்டி எல்லை வரை குடியிருப்பு அறுபடாமல் நீள்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் 18,70,374 பேர் இருந்தனர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் அன்று சென்னைக்கு அடுத்தபடி நெருக்கமான மாவட்டம் இதுதான். இந்தியாவின் சராசரி அந்த ஆண்டில் 382. உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றான மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜரிலோ ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20 பேர்தான் வாழ்கிறார்கள். அந்நாட்டின் பெரும்பகுதி பாலைவனம் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், நெருக்கம்தான் வறுமையின் காரணம் என்ற பழைய நம்பிக்கைக்கு இந்த ஒப்பீடு இடம் தராது. இடநெருக்கடி மிகுந்த குமரியில் அதே கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்திலேயே முதலிடம். நைஜரில் பெண்களில் நான்கில் மூவருக்கு 18 வயதுக்குள் திருமணம் நடந்துவிடுகிறது.

அப்படியானால் மக்கள்தொகைக்கும் வளர்ச்சிக்கும் தொடர்பே இல்லையா என்று கேட்டால், தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பு தலைகளின் எண்ணிக்கையில் குறைவாகவும், வயதுகளின் விகிதத்தில் அதிகமாகவும் இருக்கிறது. நூறு பேர் உள்ள ஒரு குடியிருப்பில் ஐம்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள் என்றால், உழைக்கும் மீதிப் பேர் ஈட்டுவதில் பெரும்பங்கு சோற்றுக்கும் துணிக்கும் மருந்துக்கும் போய்விடும். கிணறு வெட்டவும், பள்ளி கட்டவும், தறி வாங்கவும் மிச்சம் இராது. நைஜரின் இன்றைய நிலை ஏறத்தாழ இதுதான். அங்கே மக்களில் பாதிப் பேர் சிறுவர்கள். ஆண்டுதோறும் புதிதாகப் பள்ளி வயதை எட்டும் குழந்தைகள் கூடிக்கொண்டே போவதால், அரசு எத்தனை வகுப்பறைகள் கட்டினாலும் ஒரு வகுப்பில் அமரும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவதில்லை. இருக்கிற நிலையில் நழுவாமல் நிற்பதற்கே வருமானத்தின் பெரும்பகுதி தேவைப்படுகிறது.

இந்தச் சிந்தனைக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. உணவு பெருகுவதைவிட வேகமாக மனிதர்கள் பெருகுவார்கள், பஞ்சமும் நோயும்தான் அதைச் சரிசெய்யும் என்று 1798இல் எழுதிய ஆங்கிலப் பொருளியலாளர் மால்தஸ், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி தன் அலுவலர்களைப் பயிற்றுவிக்க இங்கிலாந்தின் ஹெய்லிபரியில் நடத்திய கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். அவருடைய மாணவர்கள் இந்தியாவை ஆள வந்தார்கள். பஞ்சத்தில் மக்கள் சாவதை இயற்கையின் கணக்குத் தீர்ப்பாகப் பார்க்கும் மனநிலை ஆட்சியாளர்களிடம் வேரூன்றியதில் அந்த வகுப்பறைக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். விடுதலைக்குப் பின் 1958இல் ஆன்ஸ்லி கோல், எட்கர் ஹூவர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தியாவையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பிறப்பு குறைந்தால் சேமிப்பு கூடும், சேமிப்பு கூடினால் தலைக்குரிய வருமானம் உயரும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1952இல், உலகிலேயே முதல் நாடாக இந்தியா அரசுக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில் வரையப்பட்ட சிவப்பு முக்கோணத்தையும், 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற வரியையும் அறுபது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் நாடுகளை வரிசையாக நிறுத்திப் பார்த்த பொருளியலாளர்களுக்கு, மக்கள்தொகை வேகமாகக் கூடும் நாடு மெதுவாக வளரும் என்ற நேரான விதி எதுவும் கிடைக்கவில்லை. சைமன் குஸ்னெட்ஸ் 1960களில் செய்த ஒப்பீடு அப்படித்தான் முடிந்தது. இந்த முடிச்சு அவிழ முப்பது ஆண்டுகள் ஆயின. ஒரு நாட்டின் மக்கள்தொகை குழந்தைகள் கூடுதலாகப் பிறப்பதாலும் பெருகலாம், பிறந்தவர்கள் சாகாமல் இருப்பதாலும் பெருகலாம், முன்பு பிறந்தவர்கள் உழைக்கும் வயதை அடைந்து நிற்பதாலும் பெருகலாம். மூன்றையும் ஒரே வளர்ச்சி விகிதத்தில் கொட்டிக் கலக்கினால் ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடும். 1998இல் டேவிட் புளூம், ஜெஃப்ரி வில்லியம்சன் ஆகியோர் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, கிழக்காசிய நாடுகளின் வியக்கத்தக்க வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்கு வரை, குழந்தைகள் குறைந்து உழைப்போர் மிகுந்த வயதமைப்பால் வந்தது என்று தெரிந்தது. இன்று எல்லோரும் பேசும் 'மக்கள்தொகை ஈவு' என்ற கருத்தின் பின்புலம் இது.

பிறப்பு எப்படிக் குறைகிறது என்ற கேள்வியில்தான் பெரிய தவறுகள் நடந்தன. 1974இல் புக்காரெஸ்ட் நகரில் நடந்த உலக மக்கள்தொகை மாநாட்டில், இந்தியாவின் சார்பில் சென்ற அமைச்சர் கரண் சிங், வளர்ச்சியே சிறந்த கருத்தடை என்ற கருத்தை முன்வைத்தார். இரண்டே ஆண்டுகளில், நெருக்கடி நிலையின்போது, அவரே வெளியிட்ட மக்கள்தொகைக் கொள்கை அறிக்கை, கல்வியும் வளர்ச்சியும் வந்து பிறப்பைக் குறைக்கும் என்று காத்திருப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்றது. 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது; வடமாநிலங்களில் பலர் பலவந்தமாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அதன் கசப்பு அந்த ஊர்களில் அரசு மருத்துவப் பணியாளர்கள் மீதிருந்த நம்பிக்கையையே நெடுங்காலத்துக்குக் குலைத்துவிட்டது. இங்கே கொடுமையோடு வீணும் சேர்ந்தது. கட்டாயம் தேவைப்படவே இல்லை என்பதற்குச் சான்று நாட்டின் தென்முனையிலேயே இருந்தது. 1979இல் சீனா ஒரு குழந்தைக் கொள்கையைத் தொடங்கிய காலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக அங்கே 2.8 குழந்தைகள், கேரளத்தில் 3.0. 1991இல் சீனாவில் 2.0, கேரளத்தில் 1.8. எந்தத் தண்டனையும் இல்லாமல் கேரளம் சீனாவை முந்தியதை அமர்த்திய சென் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார்.

1956 நவம்பர் 1 வரை குமரியும், இன்றைய கேரளத்தின் தென்பகுதியை உள்ளடக்கிய திருவிதாங்கூரின் (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியின்) உடம்பில் ஓர் உறுப்புதான். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தபோது, தங்களோடு ஒரு பழைய முதலீட்டையும் கொண்டுவந்தன. கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817இல் அறிவித்தார். மயிலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிய மிஷன் பணி நாகர்கோவிலுக்கு விரிந்து, 1820களில் மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் லேஸ் பின்னலும் கற்றுத்தரும் நிலையை அடைந்தது. எழுத்தும் சொந்தச் சம்பாத்தியமும் பெண் கைக்கு ஒருசேர வந்த இடம் அது. நெய்யூரில் மருத்துவப் பணி 1838இல் தொடங்கியது. மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் 1859இல் மன்னரின் அறிவிப்பைப் பெற்றது. இவற்றுள் எதையும் மக்கள்தொகைக் கொள்கை என்று எவரும் அன்று அழைக்கவில்லை. ஆனால் படித்த பெண் பிந்தி மணக்கிறாள். மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் அவள் பெற்ற பிள்ளை பிழைக்கிறது. பிழைக்கும் என்ற உறுதி வந்தபின் அஞ்சி அஞ்சி அடுத்தடுத்துப் பெற வேண்டியதில்லை. நான்கு தலைமுறை கழித்து வந்த விளைச்சலுக்கு விதை அங்கே விழுந்தது.

பிறப்பு குறைவதில் வீட்டின் வரவுசெலவுக்கும் பங்கு உண்டு. ஜான் கால்டுவெல் என்ற ஆஸ்திரேலிய மக்கள்தொகையியலாளர் (இடையன்குடி கால்டுவெல்லுக்கு நூறாண்டு பிந்தியவர்) நைஜீரியாவிலும் கர்நாடகத்திலும் களப்பணி செய்து, செல்வம் பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குப் பாயும் சமூகத்தில் குடும்பம் பெரிதாகவே இருக்கும், அந்த ஓட்டம் திசைமாறிப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பாயத் தொடங்கும்போதுதான் குடும்பம் சிறுக்கும் என்று கூறினார். குமரியில் இதை விளக்கப் பனையேறிக் குடும்பத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. அப்பா காலையும் மாலையும் பனையேறி அக்கானி இறக்குவார். அம்மா அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவாள். அடுப்புக்குச் சுள்ளியும் சருகும் சேர்த்துவருவது பிள்ளைகள் வேலை. ஆறேழு வயதிலேயே ஒரு பிள்ளை குடும்பத்துக்கு உழைப்பைத் திருப்பிக் கொடுத்துவிடும். அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய நாளிலிருந்து கணக்கு தலைகீழாகிறது. சுள்ளி பொறுக்க ஆளில்லை. புத்தகம், சட்டை, பேருந்துக் கட்டணம், பிறகு தனியார் கல்லூரிக் கட்டணம் என்று இருபது வயது தாண்டியும் செலவு மட்டுமே. எட்டுப் பேரை அப்படி வளர்க்க முடியாது, இரண்டு பேரை முடியும். இந்த ஊர்களில் பாட்டிக்கு எட்டு, அம்மாவுக்கு நான்கு, மகளுக்கு ஒன்றோ இரண்டோ என்று குடும்பம் சிறுத்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது.

வருமானம் உயர்ந்தபின் பிறப்பு குறைந்தது என்று சொல்லமுடியாத இடம் குமரி என்பதைக் கவனிக்க வேண்டும். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீனும் பசியாற்றிய, பெரிய ஆலைகள் இல்லாத, நிலம் துண்டுதுண்டாகிப்போன ஒரு பகுதியில் பிறப்பு குறைந்தது. 1991இல் 16,00,349ஆக இருந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 16,76,034 ஆனது. பத்து ஆண்டுகளில் கூடியது ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. அதே பத்தாண்டில் இந்தியா 21 விழுக்காட்டுக்கு மேல் பெருகியது. அந்தச் சிறிய எண்ணுக்குப் பிறப்புக் குறைவு ஒரு காரணம் என்றால், ஊரைவிட்டு வெளியேறியவர்கள் இன்னொரு காரணம். அந்த இரண்டாவது காரணத்தில்தான் ஏழை நாடுகளுக்கான பாடம் இருக்கிறது.

குழந்தைகள் குறைந்து, உழைக்கும் வயதினர் மிகுந்திருக்கும் காலம் ஒரு சமூகத்துக்கு முப்பது நாற்பது ஆண்டுகள்தான் கிடைக்கும். அந்தக் காலத்தில் அத்தனை கைகளுக்கும் வேலை இருந்தால் சேமிப்பு குவியும். வேலை இல்லாவிட்டால் படித்த இளைஞர்கள் பெருகிய ஊராக மட்டும் அது நின்றுவிடும். தென்கொரியாவில் 1960இல் ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தைகள். 1962இல் அரசு குடும்பக் கட்டுப்பாட்டைத் தொடங்கியது. 1983க்குள் அந்த எண் 2.1ஐத் தொட்டுக் கீழிறங்கியது. நிலச் சீர்திருத்தமும் ஏறத்தாழ எல்லோருக்குமான தொடக்கக் கல்வியும் அதற்கு முன்பே அடித்தளம் அமைத்திருந்தன. அதே இருபது ஆண்டுகளில் துணி, செயற்கை முடி, பிறகு எஃகு, கப்பல் என்று ஆலைகள் அடுத்தடுத்து எழுந்து, கிராமத்திலிருந்து வந்த பெண்களையும் ஆண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டன. பிறப்பு குறைந்த வேகமும் வேலை பெருகிய வேகமும் பொருந்திப்போயின.

குமரியில் முதலாவது நடந்தது, இரண்டாவது நடக்கவில்லை. இங்கே பெருந்திரளான பெண்களுக்குக் கூலி கொடுத்த தொழில், மக்கள் 'அண்டி ஆபீஸ்' என்று அழைக்கும் முந்திரி ஆலைகள். தோடு உடைத்தும் தோல் நீக்கியும் கையில் எண்ணெய்க் கறை ஏறிய அந்தப் பெண்கள், தங்கள் மகள்களைச் செவிலியர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆக்கினார்கள். மலையடிவாரத்தில் ரப்பர் பால்வெட்டு, நாஞ்சில் நாட்டில் நெல், தோவாளையில் பூ, கடற்கரையில் மீன். இவற்றில் எதுவும் பட்டப்படிப்பு முடித்த மகனுக்கும் மகளுக்கும் இடம் தருவதாக இல்லை. ஆகவே இளைஞர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். கட்டட வேலைக்குத் திருவனந்தபுரத்துக்கும் அப்பாலும் போனார்கள். தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் கொச்சித் துறைமுகத்தை மையமாகக் கொண்டு அரபிக்கடல் முழுக்க ஆழ்கடலில் அலைந்தார்கள். குமரியின் ஈவை அறுவடை செய்த களங்கள் குமரிக்கு வெளியே இருந்தன. திரும்பி வந்தது அவர்கள் அனுப்பிய பணம். அது கான்கிரீட் வீடாகவும், நகையாகவும், தங்கையின் சீராகவும், அடுத்த பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகவும் மாறியது. தொழிலாக மாறியது மிகக் குறைவு. அனுப்பியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மணலாரண்யத்தில் இருபது ஆண்டு தனியே கிடந்து சம்பாதித்தவர், நிலவிலை உயர்ந்த, பெரிய தொழில்கள் வந்து அமராத ஓர் ஊரில் தன் சேமிப்பைப் பாதுகாப்பாக எதில் போட முடியும்?

பெண்களின் நிலையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மக்கள்தொகை ஈவின் பெரும்பகுதி அவர்கள் வழியாகத்தான் வரவேண்டியிருக்கிறது. பேறுகாலங்கள் குறைந்து விடுபட்ட ஆண்டுகள் சம்பளமுள்ள வேலையாக மாறினால் குடும்பத்தின் வருமானம் ஏறக்குறைய இரட்டிக்கும். இந்தியாவில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையிலோ வேலை தேடியோ இருப்பவர்கள் 2017-18இல் 23.3 விழுக்காடாகச் சரிந்திருந்தனர்; 2023-24இல் அது 41.7 ஆகியிருக்கிறது. உயர்வின் பெரும்பங்கு கிராமப்புறச் சுயதொழிலிலும் குடும்ப வயல் வேலையிலும் வந்தது என்பதால், இதை முழு மகிழ்ச்சியோடு வரவேற்க எனக்கு மனம் வரவில்லை. முதுகலை முடித்துவிட்டு, திருமணத்துக்குப் பின் பக்கத்துத் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் எடுப்பதும், அதுவும் இல்லாமல் வீட்டோடு இருப்பதும் குமரியின் படித்த பெண்களிடையே இன்றும் பரவலாகக் காணும் காட்சி. கல்வி அவர்களிடம் தன் வேலையைச் செய்துவிட்டது; பொருளாதாரம் தன் வேலையைச் செய்யவில்லை.

பிறப்புக் குறைவையும் பெண்களுக்கான வேலையையும் ஓரளவு இணைத்துக் காட்டிய ஏழை நாடு வங்கதேசம். நெருக்கத்தில் அது குமரியைப் போன்றது. 1970களில் ஒரு பெண்ணுக்கு ஆறுக்கு மேல் குழந்தைகள். மத்லப் என்ற பகுதியில் 1977 முதல் ஒரு சோதனை நடந்தது. பாதிக் கிராமங்களில், அந்தந்த ஊர்ப் பெண்களே சுகாதாரப் பணியாளர்களாகி வீடுவீடாகச் சென்று, கருத்தடைச் சாதனங்களும் தாய்சேய் நல உதவியும் வாசலிலேயே கொடுத்தார்கள். மீதிக் கிராமங்களில் வழக்கமான அரசு வசதி மட்டும் இருந்தது. முதல் வகைக் கிராமங்களில் பிறப்பு விரைவாகக் குறைந்ததோடு, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது அங்குள்ள பெண்களின் உடல்நலமும் குடும்பங்களின் சொத்தும் மேம்பட்டிருந்தன. செல்வத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, கட்டாயமும் தேவையில்லை, விருப்பமுள்ள பெண்ணின் கைக்கு வசதி எட்டினால் போதும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு அரிது. இந்தப் பெண்களின் மகள்கள் வளர்ந்தபோது ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் லட்சக்கணக்கில் அவர்களை வேலைக்கு எடுத்தன. அந்த வேலையின் கூலியும் பாதுகாப்பும் வெட்கப்படத்தக்க நிலையில் இருந்ததை 2013இல் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்த நிகழ்ச்சி உலகுக்குக் காட்டியது. இருந்தும், 2011க்குள் ஒரு பெண்ணுக்கு 2.3 குழந்தைகள் என்ற நிலையை அடைந்த அந்நாடு, தன் ஈவின் ஒரு பகுதியையாவது தன் மண்ணிலேயே சேர்த்துக்கொண்டது.

உழைக்கும் வயதினர் மிகுந்திருக்கும் காலம் முடியும்போது முதுமை வருகிறது. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் மக்கள்தொகையில் 7 விழுக்காட்டிலிருந்து 14 ஆக பிரான்சுக்கு 115 ஆண்டுகள் ஆயின, ஜப்பானுக்கு 24. பின்னால் வரும் நாடுகள் இன்னும் குறுகிய காலத்தில், இன்னும் குறைந்த வருமானத்தோடு அந்தத் தொலைவைக் கடக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2021இல் 13.6 விழுக்காடு என்றும், 2031இல் 18.2 ஆவார்கள் என்றும் நடுவண் அரசின் நிபுணர் குழு கணித்திருக்கிறது. பிரான்சில் முதியவர்கள் பெருகியபோது ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் வந்துவிட்டிருந்தன. நம்மிடம் பெரும்பாலோர் கூலிக்கும் சொந்தத் தொழிலுக்கும் உழைத்தவர்கள். 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகை ரத்த அழுத்த மாத்திரைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் ஆட்டோ வாடகைக்குமே சரியாகப் போகும். முன்பு எட்டுப் பிள்ளைகள் பங்கிட்டுச் சுமந்த முதுமையை இப்போது ஒரு மகனோ மகளோ, அதுவும் துபாயிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ சுமக்க வேண்டும். இரண்டு மாடி வீட்டின் கீழறையில் தனியாக இருக்கும் மூதாட்டியும், பூட்டிக் கிடக்கும் வேறொரு வீட்டை வாரம் ஒருமுறை திறந்து பெருக்கிவிட்டுப் போகும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் இந்த மாவட்டத்தில் புதுமை இல்லை.

இதற்கு மாற்றாக, நிறையப் பிள்ளை பெறுங்கள் என்ற குரல் தென்மாநிலங்களில் இப்போது எழுந்திருக்கிறது. தொகுதி மறுவரையறையில் இடம் குறையும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு அரசியல் தீர்வு கேட்பதும் நியாயம். அந்தச் சுமையைப் பெண்ணின் வயிற்றில் ஏற்றுவதை ஏற்க முடியாது. குறையச் சொன்ன அதிகாரம் இப்போது கூட்டச் சொல்கிறது என்றால், இரண்டிலும் அவளிடம் கேட்கவில்லை என்பதே பொருள். பலன் கிடைக்கும் என்பதற்கும் அறிகுறி இல்லை: தென்கொரியா பெருந்தொகை செலவிட்டும் 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தைதான்.

நடப்பில் வேறொரு ஏற்பாடு தானாகவே நிகழ்ந்துகொண்டிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தைகள், பிகாரில் 3.0. ஒரே நாட்டுக்குள் இரண்டு வயதமைப்புகள். பிகார், வங்காளம், ஒடிசா, அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் இன்று குமரியின் கட்டட வேலையிலும், செங்கல் சூளையிலும், உணவகங்களிலும் உழைக்கிறார்கள். நம் ஆட்கள் வளைகுடாவுக்குப் போய்விட்ட இடத்தை அவர்கள் நிரப்புகிறார்கள். நம் ஆட்கள் அனுப்பியதுபோலவே அவர்களும் ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். தகரக் கொட்டகையில் பத்துப் பேராகப் படுத்துறங்கும் அவர்களுக்குப் பாதுகாப்பான இருப்பிடமும், குழந்தைகளோடு வந்தவர்களுக்குப் பள்ளியும், முறையான கூலியும் கிடைக்கச் செய்வது இந்த மாவட்டத்தின் எதிர்காலப் பொருளாதாரத்தோடு நேரடித் தொடர்புள்ள செயல். அரபுநாட்டு முகாம்களில் பட்டதை அறிந்த குடும்பங்கள் நிறைந்த ஊருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2011க்குப் பிறகு தள்ளிப்போன கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடைபெற இருக்கிறது. முடிவுகள் வரும்போது செய்தித்தாள்கள் மாவட்டத்தின் மொத்த எண்ணிக்கையை முதல் வரியில் போடும். அதைவிட, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, பூட்டிக் கிடக்கும் வீடுகளின் எண்ணிக்கை, வேலை செய்யும் பெண்களின் விகிதம், வேறு மாநிலத்தில் பிறந்து இங்கே வசிப்பவர்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் நான் முதலில் தேடிப் பார்ப்பேன்.